கோணல் வெட்டு

நியூ ஜெர்சி மாநிலத்து லேம்பர்ட்வில் பழம்பொருள் சந்தையில் நல்ல பேஸ்பால் கார்டுகள் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். நடுத்தரமானவை மேசைமேல் பிளாஸ்டிக் உறைக்குள் வருஷவாரியாக நிற்கும். எனக்கு வேண்டியவை மேசைக்கு அடியில், மூடி தொலைந்துபோன ஷூ பெட்டியில் இருந்தன. தலை பாதி வெட்டுப்பட்டவர்கள், பக்கத்து ஆளின் தோளைத் தன் கார்டில் சுமந்தவர்கள், ஒரு நிறம் நூலளவு விலகியதால் உதடு கன்னத்துக்குப் போனவர்கள், முதுகுப்பக்கம் ஓர் எழுத்துகூட ஏறாமல் வெள்ளையாகவே வந்தவர்கள். எதை எடுத்தாலும் ஒரு குவார்ட்டர், ஐந்து எடுத்தால் ஒரு டாலர். மேசைக்காரர் அந்தப் பெட்டியை விற்பதற்கென்று வைத்திருந்ததாகவே தெரியாது. தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருந்தார்.

மதுரைக்குத் திரும்பி வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அமெரிக்காவில் எதை விட்டுவிட்டு வந்தோம் என்று தோன்றுகிறது என யாராவது கேட்டால், இலையுதிர்கால மரங்கள், நூலகம், நேரத்துக்கு வரும் குப்பை வண்டி என்று கேட்பவருக்குத் தகுந்தபடி ஏதாவது சொல்லி வைப்பேன். தூக்கம் வராத ராத்திரிகளில் என் விரல் தேடுவது அந்த ஷூ பெட்டியைத்தான். அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பேஸ்பால் ஆடத் தெரியாத, ஒழுங்காகப் பார்க்கவும் தெரியாத ஆள் நான். அந்த ஆட்டத்தின் விதிகளில் பாதி எனக்கு இன்றைக்கும் புரியாது.

நம் ஊரில் தீப்பெட்டிப் படம் சேர்த்த தலைமுறைக்கு இந்தக் கார்டுகளைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. அங்கே முதலில் சிகரெட் பெட்டியோடு வந்தன, பிறகு சூயிங்கத்தோடு. புரூக்ளினில் இருந்த டாப்ஸ் என்ற சூயிங்கம் கம்பெனி 1952ல் 407 கார்டுகள் கொண்ட பெரிய வரிசை ஒன்றை வெளியிட்டது. முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் அவர் அடித்ததும் விட்டதுமான கணக்கு. அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான சை பெர்கர், அந்த வருஷத்துக் கடைசித் தொகுதி விற்காமல் கிடங்கை அடைத்துக்கொண்டு கிடந்ததால், 1960ல் படகில் ஏற்றிக்கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தத் தொகுதியில் மிக்கி மேன்டில் இருந்தார். கொட்டாமல் தப்பிய மேன்டில்களில் ஒன்று 2022ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது.

அந்த மாதிரிக் கதைகள் எனக்கு அலுத்துவிட்டன. கடலில் போட்டதும் கோடிக்குப் போனதும் கண்ணாடிப் பெட்டிச் சமாச்சாரம். மேசைக்கு அடியில் நடந்தது வேறு.

நாங்கள் எடிசனில் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலில் மனைவியை இறக்கிவிட்டு, அதே 202 சாலையில் ஃப்ளெமிங்டன் தாண்டி மேற்கே போனால் டெலவேர் ஆற்றங்கரையில் லேம்பர்ட்வில். அவள் சஹஸ்ரநாமம் முடித்து, கேன்டீனில் புளியோதரை வாங்கிக் கட்டிவைப்பதற்குள் நான் போய்விட்டுத் திரும்ப வேண்டும். திரும்புவதில்லை. "பெருமாளுக்கு ஒரு மணி நேரம், குப்பைக்கு மூணு மணி நேரமா?" என்பாள். புளியோதரையை மட்டும் எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருப்பாள்.

சந்தைக்குச் சரியான நேரம் விடிவதற்கு முன்னால். பழம்பொருள் வியாபாரிகள் கையில் டார்ச் லைட்டோடு வந்து, வேனிலிருந்து சாமான் இறங்கும்போதே பார்த்து வாங்கிவிடுவார்கள். நான் போகிற நேரத்தில் நல்லதெல்லாம் கைமாறியிருக்கும். எனக்கு அதனால் நஷ்டமில்லை. டார்ச் அடித்துக்கொண்டு வருகிறவர்கள் யாரும் அந்தக் காலத்தில் கோணல் கார்டைத் தேடி வரவில்லை.

மேசைக்காரர் புரூக்ளினில் பிறந்தவர். டாட்ஜர்ஸ் அணி 1957 ஆட்டக்காலத்தோடு புரூக்ளினை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போனதை, வீட்டில் யாரோ ஓடிப்போனதைச் சொல்லும் குரலில் சொல்வார். அவர் வயசுக்காரர்கள் எல்லோரிடமும் இருக்கும் கதை அவரிடமும் இருந்தது: பட்டாளத்துக்குப் போய்த் திரும்பினால், அம்மா கார்டுகளை எல்லாம் குப்பையில் போட்டிருந்தாள். ஆனால் அவர் அதோடு இன்னொன்றும் சொன்னார். அம்மா போட்டது நல்ல கார்டுகளை. கோணலாக வெட்டுப்பட்டவற்றைப் பையன்கள் தாங்களே முன்னதாகத் தீர்த்துவிட்டிருந்தார்கள். துணி மாட்டும் கிளிப்பால் சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே கார்டைச் செருகி ஓட்டினால் மோட்டார் சைக்கிள் சத்தம் வரும். அதற்கு யாரும் நல்ல கார்டைக் கொடுப்பதில்லை. அதனால்தான் பழைய கோணல்கள் அவ்வளவாக மிஞ்சவில்லை என்பது அவர் கட்சி. ஆராய்ச்சி செய்து சொன்னதில்லை, ஆனாலும் எனக்கு அதில் நம்பிக்கை உண்டு.

அவர் எனக்கு முதலில் காட்டிய பிழை வெட்டுப் பிழை அல்ல. 1966ஆம் வருஷத்து டிக் எல்ஸ்வர்த். சிகாகோ கப்ஸ் அணியின் இடதுகைப் பந்துவீச்சாளர். கார்டில் அவர் பெயர் இருக்கும், பின்பக்கம் அவர் கணக்கு இருக்கும், முகம் அவருடையதல்ல. அது கென் ஹப்ஸ். அதே அணிக்காரர், 1962ல் சிறந்த புது ஆட்டக்காரர் விருது வாங்கியவர். விமானத்தில் ஏறவே பயம் என்பதால் அந்தப் பயத்தைப் போக்கிக்கொள்ள விமானம் ஓட்டப் பழகினார். 1964 பிப்ரவரியில் யூட்டாவில் தன் சிறு விமானத்தோடு விழுந்து செத்தார். வயது 22. இரண்டு வருஷம் கழித்து, படங்களை அடுக்கிவைத்த யாரோ ஒருவர் தவறான உறையிலிருந்து ஒரு படத்தை எடுக்க, நாடு முழுக்கப் பையன்கள் சூயிங்கத்தை மென்றுகொண்டே அவரை எல்ஸ்வர்த் என்று நினைத்துப் பார்த்தார்கள். அந்தக் கார்டை மேசைக்காரர் எனக்கு விற்கவில்லை. காட்டிவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இந்த ரகப் பிழைகளுக்குப் பட்டியலே உண்டு. 1957ல் ஹாங்க் ஆரன் படத்தின் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். வலதுகைக்காரர் இடதுகையால் அடிக்க நிற்கிறார், சட்டையில் 44 கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நிற்கிறது. அதைக் கடைசிவரை திருத்தவேயில்லை. 1969ல் ஏஞ்சல்ஸ் அணியின் அவுரேலியோ ரோட்ரிகெஸ் என்று போட்டு, அணிக்கு மட்டை எடுத்துக் கொடுக்கும் பையனின் படத்தை அச்சடித்தார்கள். 1974ல் சான் டியேகோ அணி வாஷிங்டனுக்குப் போகப்போகிறது என்ற பேச்சை நம்பி, சில கார்டுகளில் ஊர்ப்பெயரையே வாஷிங்டன் என்று மாற்றிவிட்டார்கள். மெக்டொனால்ட்ஸ் ரே கிராக் அணியை வாங்கி அங்கேயே வைத்துக்கொண்டார். நடக்காத குடிபெயர்ப்புக்கு அத்தாட்சியாக அந்தக் கார்டுகள் மட்டும் மிஞ்சின. விலைப் புத்தகங்கள் இவற்றையெல்லாம் திருத்தப்பட்ட பிழை, திருத்தப்படாத பிழை என்று இனம் பிரித்து வைத்திருக்கும்.

1981ல் இதற்கு ஒரு பொற்காலம் வந்தது. அதுவரை டாப்ஸுக்கு இருந்த ஏகபோகம் நீதிமன்றத் தீர்ப்பால் உடைந்து, ஃப்ளீர், டான்ரஸ் என்ற இரண்டு கம்பெனிகளும் அவசர அவசரமாக அச்சடித்து இறக்கின. அவசரத்தில் கிரெய்க் நெட்டில்ஸ் என்பவரின் பெயரில் முதல் எழுத்தையே மாற்றிப் போட்டார்கள். பிறகு திருத்தினார்கள். திருத்துவதற்கு முன்னால் வந்த கார்டுக்கு ஜனங்கள் அடித்துக்கொண்டார்கள். 1989ல் பில்லி ரிப்கனின் மட்டைக் குமிழில் எழுதியிருந்த கெட்ட வார்த்தை அப்படியே அச்சாகி வந்தபோது நாடே சிரித்தது. கம்பெனி அதைக் கிறுக்கி மறைத்தது, வெள்ளை பூசி மறைத்தது, கறுப்புக் கட்டம் போட்டு மறைத்தது. மறைத்த விதம் ஒவ்வொன்றும் தனித்தனி விலைக்குப் போனது. 1990ல் ஃபிராங்க் தாமஸின் முதல் வருஷக் கார்டுகளில் சிலவற்றில் கறுப்பு மை ஏறாமல் பெயரே விட்டுப்போயிற்று. பெயரில்லாத அந்த தாமஸ் நல்ல நிலையில் இருந்தால் ஆயிரக்கணக்கான டாலர்.

பட்டியலில் ஏறிய பிழையில் எனக்கு ஆசை குறைவு. அது ஒருமுறை நடந்து, ஆயிரம் கார்டிலும் ஒரே மாதிரி வந்திருக்கும். கோணல் வெட்டு அப்படியல்ல. ஒரு நாள், ஒரு மிஷின், ஓர் அடுக்கு. அடுத்த அடுக்கில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

எனக்கு இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் இல்லை. சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் அப்பா கட்டிங் மிஷினில் வேலை பார்த்தார். காலண்டர், தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டி. என் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டதெல்லாம் வீணான தாள்கள்தான்: வேல் ஓரிடத்திலும் வேலின் நிறம் இன்னோரிடத்திலுமாக நின்ற முருகன், கறுப்பு ஏறாததால் கண் திறக்காத லட்சுமி. ரெஜிஸ்டர் அவுட் என்பது எங்கள் வீட்டில் காபி, சாதம் மாதிரி அன்றாடச் சொல். யாருக்காவது கல்யாணப் பேச்சு ஒத்துவராமல் போனாலும் அப்பா அதைத்தான் சொல்வார்.

அதனால் லேம்பர்ட்வில்லில் அந்தப் பெட்டியைப் பார்த்த முதல் நாளே எனக்கு அது என்னவென்று புரிந்துவிட்டது. ஆட்டக்காரர்களைத் தெரியாது, தாளைத் தெரியும். டாப்ஸ் ஒரு தாளுக்கு 132 கார்டு அச்சடித்தது, வரிசைக்குப் பதினொன்றாகப் பன்னிரண்டு வரிசை. வருஷத்துக்கு எத்தனை கார்டு என்பதைத் தீர்மானித்ததே அந்தத் தாள்தான். 1975ல் 660, அதாவது சரியாக ஐந்து தாள். 1982ல் 792, ஆறு தாள். நடுவில் 1978 முதல் 1981 வரை 726 என்று ஐந்தரைத் தாள் கணக்கு வரும். ஆறு தாளையும் நிரப்ப 66 பேரை இரண்டு தடவை அச்சடித்துவிட்டார்கள். கார்டு சேர்க்கிறவர்கள் இதைச் சொன்னால் என்னவோ சாஸ்திரம் மாதிரிக் கேட்டுக்கொள்வார்கள். அச்சகத்தில் வளர்ந்தவனுக்கு இது காகிதச் செலவு, அவ்வளவுதான்.

மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார வேண்டும். ஒன்று தப்பினாலும் முகம் இரண்டாகிவிடும். 1982ல் கறுப்பு மட்டும் ஏறாமல் சில தாள்கள் வெளியே போய்விட்டன. அந்தக் கார்டுகளில் ஆட்டக்காரரின் கையெழுத்து காணாமல் போயிருக்கும், படம் வெயிலில் வைத்ததுபோல் வெளுத்திருக்கும். மை காயாத தாள்மேல் அடுத்த தாளை அடுக்கினால், கீழே இருப்பவரின் முகம் மேலே இருப்பவரின் முதுகில் இடவலமாக ஒட்டிக்கொள்ளும். தாளின் மூலை மடிந்தபடியே அச்சாகி, மடிந்தபடியே வெட்டுப்பட்டால், கார்டை விரிக்கும்போது ஒரு முக்கோணம் வெளியே நீளும். இத்தனையும் அந்த ஷூ பெட்டியில் இருந்தன. கனடாவில் ஓ-பீ-சீ வெளியிட்ட கார்டுகளும் கிடக்கும், ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக. அவற்றைத் தொட்டாலே அப்பா முகத்தைச் சுளிப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பா ஒருமுறை எங்களோடு சில மாதங்கள் இருக்க வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அம்மாவும் போன பிறகு. எடிசன் வீட்டில் அவருக்குச் செய்ய எதுவும் இல்லை. நான் ஒரு கோணல் கார்டைக் கையில் கொடுத்தேன். யாருடைய படம் என்று பார்க்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கார்டைப் பக்கவாட்டில் திருப்பி, விளிம்பை ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டினார். கட்டை விரலால் நான்கு ஓரத்தையும் தடவினார். பிறகு மேசை விளிம்பில் நிறுத்தி வைத்துப் பார்த்தார். மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஒன்றுக்கொன்று இணையாகத்தான் இருந்தன, மூலைகள் மட்டும் சதுரத்தில் இல்லை.

"கத்தி நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார். "வெட்டுனவன் மேல தப்பில்ல. அடுக்குனவன் தட்டல."

தாளை அடுக்கும்போது நான்கு பக்கமும் தட்டித் தட்டி நேராக்க வேண்டும். பிறகு பக்கச் சட்டத்தோடு ஒட்டி வைக்க வேண்டும். மேலிருந்து அழுத்தம் இறங்கும்போது அடுக்கு நகரக் கூடாது. இது அவருடைய மிஷினின் கணக்கு, அங்கே கார்டு வெட்டிய மிஷின் வேறாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் சொன்ன தொனியில் வழக்கே முடிந்துவிட்டது. துரியாவில் யாரோ ஒருவர் தாளைத் தட்டவில்லை. டாப்ஸ் தன் உற்பத்தியை 1960களின் நடுவில் புரூக்ளினிலிருந்து பென்சில்வேனியாவின் துரியாவுக்கு மாற்றியிருந்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப்போன பள்ளத்தாக்கு அது. "ராத்திரி ஷிஃப்ட்டா இருக்கும், பாவம்" என்று அப்பாவே சமாதானமும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு அவரையும் லேம்பர்ட்வில்லுக்குக் கூட்டிப்போனேன். குளிருக்கு என் ஜெர்கினைப் போட்டு, அதற்குமேல் மஃப்ளர் கட்டி, வேட்டியோடு வந்தார். மேசைக்காரருக்கும் அவருக்கும் பொது மொழி கிடையாது. நான் அறிமுகம் செய்துவிட்டு, பக்கத்தில் பழைய விளக்குகள் விற்ற மேசைக்கு நகர்ந்தேன். திரும்பிப் பார்த்தால் அப்பா ஷூ பெட்டியிலிருந்து ஒரு கத்தை கார்டை எடுத்து, மேசைமேல் நிறுத்தி, இரண்டு உள்ளங்கையாலும் தட்டித் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு வேண்டுமென்றே ஒரு பக்கம் சரியவிட்டு, வலது கையைக் கத்தியாக இறக்கிக் காட்டினார். மேசைக்காரர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மறுபடி தட்டி நேராக்கி, மறுபடி கத்தியை இறக்கினார். மேசைக்காரர் சிரித்துவிட்டார். ஆயுசு முழுக்கக் கார்டு பார்த்தவருக்கு வெட்டு எப்படிக் கோணும் என்பதை அன்றைக்கு என் அப்பா சொல்லிக்கொடுத்தார். நான் கிட்டே போனதும், உன் அப்பா எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தார் என்று கேட்டார். சொன்னேன். அங்கே பேஸ்பால் கார்டு அடித்தார்களா என்றார். பட்டாசுப் பெட்டி என்றேன். அதுவும் இந்த மாதிரிக் கோணலாக வந்ததுண்டா என்று கேட்கச் சொன்னார். நான் மொழிபெயர்த்ததும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கிட்ட இருந்தா?" என்றார்.

அன்றைக்குக் கார்டுகளுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார் மேசைக்காரர். அப்பா விடாமல் ஒரு டாலர் நோட்டை மேசைமேல் வைத்து, அதன்மேல் ஒரு விளக்கின் மூடியை எடுத்து வைத்துவிட்டு வந்தார்.

கோணல் கார்டை மதித்தவர்கள் வேறு ஒரு கூட்டமும் உண்டு, அவர்களிடம் எனக்கு மரியாதை அதிகம். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வந்த டி206 என்ற வரிசையை ஆராய்கிறவர்கள். அமெரிக்கன் டுபாக்கோ கம்பெனி வெளியிட்டது. அந்த வரிசையின் முழுத்தாள் எதுவும் மிஞ்சவில்லை. யாருக்குப் பக்கத்தில் யார் அச்சானார் என்பதற்குக் காகித ஆதாரம் இல்லை. ஆனால் மேலே கோணி வெட்டுப்பட்ட கார்டில், அடியில் இருக்க வேண்டிய பெயர் போக, உச்சியில் இன்னொரு பெயரின் கீற்றும் வந்திருக்கும். பெரும்பாலும் அதே ஆளின் பெயராகவே இருக்கும், சில சமயம் வேறு பெயர். அப்படிப்பட்ட கீற்றுகளையும், தகட்டில் விழுந்த கீறல்கள் ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு ஓடுவதையும் சேர்த்துச் சேர்த்து, தொலைந்துபோன தாளை அவர்கள் மறுபடி வரைகிறார்கள். ஒழுங்காக வெட்டிய கார்டு இதற்குச் சல்லிக்காசு பிரயோஜனமில்லை.

அதே டி206ல்தான் ஹோனஸ் வாக்னரும் இருக்கிறார். கார்டு உலகத்தின் கோஹினூர் என்று சொல்லலாம். அவற்றில் மிகப் பேர்பெற்ற வாக்னர் ஒன்று 1991ல் ஹாக்கி ஆட்டக்காரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் இன்னொருவரும் சேர்ந்து 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு வாங்கியது. அதே வருஷம் பி.எஸ்.ஏ. என்ற கம்பெனி கார்டுகளுக்கு மார்க் போட ஆரம்பித்தபோது முதலில் மார்க் போட்டதும் அதற்குத்தான். பத்துக்கு எட்டு. அந்த வயசுக் கார்டுக்கு ஓரங்கள் நம்பமுடியாத அளவு நேர். 2007ல் 28 லட்சம் டாலருக்குப் போனது. 2013ல், அதை முன்னொரு காலத்தில் கையில் வைத்திருந்த ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்: ஓரத்தைத் தான் நறுக்கியதாக. அப்பா அப்போது உயிரோடு இருந்தார். போனில் சொன்னேன். வெகுநேரம் சிரித்தார்.

என் ஷூ பெட்டியை ஒழித்ததும் அந்த மார்க் போடும் வியாபாரம்தான் என்பது என் குறை. கார்டைத் தடித்த பிளாஸ்டிக்கில் வைத்துச் சீல் வைத்து, மேலே எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். ஓரத்து வெள்ளை ஒருபுறம் 60, மறுபுறம் 40 என்பதைத் தாண்டினால் பத்து மார்க் கிடையாது என்பது பல வருஷம் விதியாக இருந்தது. கோணலென்றால் எண்ணுக்குப் பக்கத்தில் எம்.சி. என்று இரண்டெழுத்து சேர்ந்துவிடும், பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்கு அனுப்புகிற கணக்கில். ஆரம்பத்தில் அதனால் கோணல்கள் எல்லாம் மேசைக்கு அடியில் போய்ச் சேர்ந்தன, எனக்கு லாபம். பிறகு, கோணலுக்கும் ஆள் இருக்கிறது என்று தெரிந்தவுடன் அதுவும் பிளாஸ்டிக்குக்குள் ஏறியது. முழுத்தாளை வாங்கி வீட்டில் வேண்டிய மாதிரி கோணலாக வெட்டி விற்கிறவர்கள் முளைத்தார்கள். கண்டுபிடிக்க அளவுகோல் போதும். 1957லிருந்து டாப்ஸ் கார்டு இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். நிஜக் கோணல் நகர்ந்துதான் இருக்கும், அளவு மாறாது. வீட்டில் வெட்டியவர்களுக்குப் பக்கத்து ஆளை அதிகமாகக் காட்டும் ஆசையில் கை நீண்டுவிடும். இப்போது கம்பெனிகளே வேண்டுமென்று மாறுபட்ட படங்களைக் கலந்து அச்சடித்து, அரிதானது என்று விற்கின்றன. அச்சுத் தகட்டையே துண்டுபோட்டுப் பாக்கெட்டில் வைக்கிறார்கள். அபூர்வத்தை முன்கூட்டியே திட்டம் போட்டுச் செய்தால் அதில் எனக்கு என்ன இருக்கிறது?

மேசைக்காரர் ஒரு வசந்தத்தில் வரவில்லை. அவர் இடத்தில் கூலிங் கிளாஸ் விற்கிற பையன் நின்றான். விசாரித்தேன், பக்கத்து மேசைக்காரர்களுக்கும் தெரியவில்லை. அவர் பெயரைச் சுருக்கி மட்டுமே கூப்பிட்டு வந்தோம், முழுப்பெயரை யாரும் கேட்டு வைத்திருக்கவில்லை. அப்புறமும் நான் போய்க்கொண்டிருந்தேன். மற்ற மேசைகளின் அடியில் குனிந்து பார்த்தால் தெர்மாஸும் மடக்கு நாற்காலியின் உறையும் இருக்கும்.

மதுரைக்குத் திரும்பி வரும்போது, நான் சேர்த்த கார்டுகளின் பெட்டியை மகள் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அவள் பென்சில்வேனியாவில் இருக்கிறாள். கப்பலில் போட்ட சாமான்களோடு அதையும் போட்டிருக்கலாம், மதுரை வெயிலுக்கும் கரையானுக்கும் பயந்தேன். அது நான் வெளியே சொல்கிற காரணம். இங்கே வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது? சிவகாசிக்குப் போனால் இன்றைக்கு எல்லாமே கம்ப்யூட்டரில் நிறம் பார்க்கும் மிஷின்கள், அப்பாவோடு வேலை பார்த்தவர்களில் ஒருவர் இருவர்தான் மிச்சம். அவர்களில் ஒருவரிடம் போனில் ஒரு கார்டின் படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இதை ஏன் இன்னும் கிழிச்சுப் போடாம வச்சிருக்க?" என்று கேட்டார். அப்பாவின் மேசையில் வேலை கற்றவர் அவர்.

பெட்டியில் ஒரு கார்டு மட்டும் எனக்கு இன்னும் முடியவில்லை. 1975 டாப்ஸ். அந்த வருஷத்துக் கார்டுகளுக்குப் பாதிக்குப் பாதி புடவை மாதிரி மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். உச்சியில் அணிப்பெயர் பெரிய எழுத்தில், அடியில் ஆட்டக்காரர் பெயர். என்னிடம் இருப்பவர் மான்ட்ரியல் எக்ஸ்போஸ் ஆள். அந்த அணியே இப்போது இல்லை, 2005ல் வாஷிங்டனுக்குப் போய் வேறு பெயர் வைத்துக்கொண்டது. வெட்டு கீழே இறங்கிவிட்டதால் அவருடைய அணிப்பெயரின் மேல்பாதி போய்விட்டது. பதிலுக்கு, அவர் காலடியில் அடுத்த ஆளின் கரை ஒரு கீற்றாக வந்து நிற்கிறது. அவர் தலையிலிருந்து போன கீற்று காற்றில் போகவில்லை. தாளில் அவருக்கு மேலே இருந்தவரின் காலடியில் இருக்கும். முழுத்தாளின் படம் பார்த்து மேலே இருந்தவர் யாரென்றும் தெரிந்துகொண்டேன், சாதாரண ஆட்டக்காரர். அவருடைய கோணல் கார்டு ஒன்று, அடியில் எக்ஸ்போஸ் எழுத்துகளின் மேல்பாதியோடு, எங்கேயாவது இருக்க வேண்டும். சைக்கிள் சக்கரத்துக்குப் போகாமல் இருந்தால்.

போன மாதம் ஓஹையோவில் ஒருவர் விற்பனைக்குப் போட்டிருந்தார். மோசமான வெட்டு, திருப்பி எடுக்க மாட்டோம் என்ற எச்சரிக்கையோடு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்துகளின் மேல்பாதி இருக்கிறது. மகளிடம் என் கார்டை அளந்து சொல்லச் சொன்னேன். கோணத்தையும் பார்க்கச் சொன்னேன், இடதுபக்கம் கொஞ்சம் அதிகமாக இறங்கியிருக்கும். பேரன் கணக்குப் பெட்டியிலிருந்து ஸ்கேல் எடுத்து அளந்தாள். ஏறக்குறைய ஒத்துப்போகிறது.

"அப்பா, ரெண்டும் ஒரே தாள்ல இருந்து வந்ததுன்னு எப்படிச் சொல்ல முடியும்? நூறு தாளை ஒண்ணா வெட்டியிருப்பாங்க."

"ஒரே தாளா இருக்க வேண்டாம்மா. ஒரே அடுக்கா இருந்தாப் போதும்."

"விலை என்ன போட்டிருக்கான் பார்த்தீங்களா? ஒரு குவார்ட்டர் இல்ல."

பார்த்தேன் என்றேன். பேரம் பேசிப் பார் என்றேன். இந்தியாவுக்கு அனுப்ப மாட்டாராம், அதனால் அவள் முகவரிக்கே வரவழைத்திருக்கிறாள். தபாலில் வளையாமல் இருக்க இரண்டு தடித்த அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பச் சொல்லி எழுதச் சொன்னேன். எழுதினாளா என்று கேட்க வேண்டும்.